ஆறு ஓம்

வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ். இரண்டையும் பெருக்கினால் பவர். திருப்பதியில் ஒரு தனியார் ஜூனியர் காலேஜில் இந்த இரண்டு வரியைப் பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பாதி இங்கிலீஷ், பாதி தெலுங்கு. வருடத்துக்கு நான்கு செக்‌ஷன். எல்லாவற்றிலும் அதே கணக்குதான்: இருநூற்று முப்பது வோல்ட், ஐந்து ஆம்பியர், தடை எவ்வளவு, திறன் எவ்வளவு? நான் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் பிள்ளைகள் விடையை எழுதிவிடுவார்கள். அந்த ஐந்து ஆம்பியர் யார் வீட்டில் ஓடுகிறது என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

வீடு சித்தூரில். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் முதல் பீரியடுக்குப் போய்ச் சேர முடியும். திரும்பி வர மாலை ஆறரை, ஏழு ஆகிவிடும். கணவருக்கு ஸ்ரீசிட்டியில் ஃபாக்டரி வேலை. அங்கேயே நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டு, ஷிஃப்ட் ஒத்துவந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் நானும் மாமியாரும். மாமியாருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மூக்கில் குழாய் மாட்டி, ஆக்ஸிஜன் தயாரிக்கும் மிஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தோம். முழங்கால் உயரம், சக்கரம் வைத்தது. நாள் முழுக்க அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருவார். மற்ற நேரம் எல்லாம் நான்.

அது ஒரே வீடாக இருந்து இரண்டானது. மாமனார் போன பிறகு நடுவில் சுவர் எழுப்பினார்கள். தெருவைப் பார்த்த முன்பாதி கணவரின் அண்ணனுக்கு, பின்பாதி எங்களுக்கு. எங்களுக்கு வழி பக்கத்துச் சந்தில். அண்ணன் திருமலைக்கு யாத்திரிகர்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். வீட்டில் இருப்பதே குறைவு. முன்பாதியில் பெரும்பாலும் அவர் மனைவி மட்டும்தான். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். அவர்கள் குளியலறை கட்டியபோது எங்கள் ஜன்னல் ஒன்று அடைபட்டது. அதில் வார்த்தை தடித்து, நான்கு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. மாமியாரும் முன்வீட்டுப் படி ஏறியதில்லை.

அந்த வருடம் கோடை தொடங்கும்போது மிஷின் அலறத் தொடங்கியது. மாலையில் நான் வந்து விளக்குப் போட்டு, சமையலைத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கூ கூ என்று சத்தம் போட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டும். வோல்டேஜ் போதவில்லை என்று அர்த்தம். ஓடிப்போய் மாமியாரைச் சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு மாற்ற வேண்டும். மிஷின் அடங்கிய பிறகு மறுபடி அதற்கு மாற்ற வேண்டும். அடுப்பில் ஏதாவது ஒன்று தீய்ந்திருக்கும்.

"டீச்சரு, இது என்னையும் இழுத்துக்கினுதான் நிக்கும்போல கீது" என்பார் மாமியார். என்னைப் பெயர் சொல்லியோ பாப்பா என்றோ அவர் கூப்பிட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து டீச்சருதான்.

கரண்ட் ஆபீசுக்குச் சொன்னேன். லைன்மேன் மறுநாளே வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்தார். "மா சைடு அந்தா பாகுந்தி மேடம். ப்ராப்ளம் மீ இன்ட்லோனே" என்றார். கம்பம் வரைக்கும் குறையில்லை, கோளாறு உங்கள் வீட்டுக்குள்தான் என்று. நான் நம்பவில்லை. யாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கணவர் போனில், "ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போட்டுடு" என்றார். அதையும் வாங்கிப் போட்டேன். டக் டக் என்று அடித்துக்கொண்டு, உள்ளே வரும் வோல்டேஜைச் சிவப்பு எண்ணில் காட்டிக்கொண்டிருந்தது. அலறல் முதல் வாரம் குறைந்தது, பிறகு முன்னைவிட அதிகமானது.

ஒரு சனிக்கிழமை மாலை இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டர் ஸ்விட்சைப் போட்டதும் ஸ்டெபிலைசரின் எண் இருநூற்றுச் சொச்சத்திலிருந்து நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கியது. நிறுத்தினேன், ஏறியது. போட்டேன், இறங்கியது. மாவுக் கையோடு நாலைந்து தடவை இதையே செய்தேன்.

"இன்னாத்துக்கு அத்த நோண்டினு கீற?" என்று கட்டிலிலிருந்து மாமியார் கேட்டார்.

ஊருக்கே வோல்டேஜ் குறைந்திருந்தால் என் கிரைண்டரைக் கேட்டுக்கொண்டு குறையாது. என் வீட்டில் கரண்ட் கூடினால் என் வீட்டு வோல்டேஜ் மட்டும் சரிகிறது. அப்படியென்றால் எங்களுக்கு வரும் வயரிலேயே எங்கோ ஒரு தடை உட்கார்ந்திருக்கிறது. பத்தொன்பது வருடமாக போர்டில் எழுதியது எனக்கு உறைக்க இரண்டு மாதம் ஆகியிருந்தது. வெட்கப்படக்கூடத் தெம்பில்லை.

அடுத்த வாரம் காலேஜ் எலெக்ட்ரீசியனிடம் டாங் டெஸ்டரை இரவல் கேட்டேன். இடுக்கி மாதிரி வாயைத் திறந்து வயரைக் கவ்வினால் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும் கருவி. வோல்டேஜும் அதிலேயே பார்க்கலாம். "எந்துக்கு மேடம், லேபுக்கா?" என்றார். ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பத்து மணி. பகலில் வரும் அம்மாளுக்கு அன்று விடுமுறை. மாமியாரைச் சிலிண்டருக்கு மாற்றினேன். முந்தின வாரத்து அலறல்களில் சிலிண்டரின் முள் பாதிக்கும் கீழே வந்திருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. வீட்டில் இருந்த எல்லாவற்றையும் அணைத்தேன். பிளக்கில் இருநூற்று இருபத்தாறு வோல்ட். பிறகு வெந்நீர் போடும் ஹீட்டர் ராடை வாளித் தண்ணீரில் இறக்கி ஸ்விட்சைப் போட்டேன். ஆயிரம் வாட் ராடு. அதன் வயரை டெஸ்டரால் கவ்வினேன். பூஜ்யம் காட்டியது.

தண்ணீரில் குமிழி வருகிறது, டெஸ்டர் பூஜ்யம் என்கிறது. கருவி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். பிறகுதான் விளங்கியது. ஒரே வயருக்குள் போகிற கரண்டும் வருகிற கரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் கவ்வினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். என் மாணவன் செய்திருந்தால் எல்லார் முன்னாலும் கேட்டிருப்பேன். ஸ்விட்ச் போர்டின் மூடியைக் கழற்றி, ஒற்றை வயரைப் பிரித்துக் கவ்வினேன். நான்கு ஆம்பியர். பிளக்கில் இப்போது இருநூற்று இரண்டு வோல்ட்.

பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். இருநூற்று இரண்டு பெருக்கல் நான்கு, எண்ணூற்று எட்டு வாட். ஆயிரம் வாட் ராடுக்கு எண்ணூறுதான் கிடைக்கிறது. காணாமல் போனது இருபத்து நான்கு வோல்ட். நான்கால் வகுத்தால் ஆறு ஓம். மீட்டரிலிருந்து எங்கள் வீட்டுக்கு இருக்கும் பதினைந்தடி, இருபதடி செம்பு வயருக்குக் கால் ஓம் இருந்தாலே அதிகம். இருபத்து நான்கு பெருக்கல் நான்கு, தொண்ணூற்றாறு வாட். எங்கோ ஓரிடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தொண்ணூற்றாறு வாட் சூடாகிக்கொண்டிருக்கிறது. மாலையில் கிரைண்டரும் ஃபிரிட்ஜும் மிஷினும் சேர்ந்து எட்டு ஆம்பியர் இழுத்தால் அந்தச் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். முந்நூற்று எண்பத்து நான்கு. எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தேன்.

அது எங்கே என்று தெரிய, முன்வீட்டு வராந்தாவில் இருக்கும் எங்கள் மீட்டருக்கும் மெயின் ஸ்விட்சுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். வாளியைத் தொட வேண்டாம் என்று மாமியாரிடம் இரண்டு தடவை சொன்னேன். "நான் எழுந்து போயி தொட்டுட்டாலும்" என்றார்.

கிரில் கதவைத் தட்டியதும் அக்கா வந்தார். கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றார்.

"இன்னா?"

"எங்க மெயின் ஸ்விட்ச்சுல வோல்டேஜ் பாக்கணும்க்கா. ரெண்டே நிமிஷம்."

"அத்தைக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. மிஷினுக்கு கரண்டு பத்தமாட்டுது."

கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். மெயின் ஸ்விட்சில் டெஸ்டரை வைத்தேன். பின்னால் ராடு கொதித்துக்கொண்டிருக்க, இங்கே இருநூற்று இருபத்தாறு. ஒரு வோல்ட்கூட அசையவில்லை. லைன்மேன் சொன்னது நிஜம்.

"அக்கா, எங்க வயரு உங்க ஸ்டோர் ரூம் பரண் வழியாத்தான வருது?"

"அங்கதான் இழுத்தாங்க. ஏன்?"

"அந்தப் பரண்ல எங்கயோ சூடாவுது. நூறு வாட் பல்ப எரியவிட்டு, துணி போட்டு மூடி வெச்ச மாதிரி."

"பாக்காமயே எப்டி சொல்ற?"

"இங்க இருநூத்தி இருபத்தாறு வருது. எங்க வூட்ல இருநூத்தி ரெண்டு. நடுவுல இருபத்திநாலு காணோம். காணாம போனது சூடாத்தான் ஆவணும்க்கா. வேற வழி கெடையாது."

அக்கா கொஞ்ச நேரம் என் கையிலிருந்த டெஸ்டரையே பார்த்தார். "ஒரு மாசமா பிளாஸ்டிக் எரியற மாதிரி நாத்தம். பின்னாடி யாரோ குப்பைய கொளுத்தறாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். பிறகு, "நீதான் வேணும்னே கொளுத்தறேன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்குச் சண்டை போட வரவில்லை. மெயினை அணைத்துவிட்டு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். பரணில் தகரப் பெட்டிகள், கல்யாணத்துக்குக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை இரண்டு. மேல் மெத்தையின் மீது எங்கள் வயரின் ஒட்டு படுத்திருந்தது. பாகம் பிரித்தபோது யாரோ பழைய அலுமினிய வயரையும் புதுச் செம்பு வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். டேப் உருகிக் கரியாகியிருந்தது. அதன் கீழே மெத்தை உறை உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறி, நடுவில் கறுத்திருந்தது. வயரை விலக்கி, மெத்தையைக் கீழே தள்ளினேன். அக்கா அந்தக் கறுத்த இடத்தில் விரலை வைத்தார். உறை பொடியாக உதிர்ந்தது.

"நான் இதுக்குப் பக்கத்துலயே படுத்துக்கினு கீறேன்" என்றார். அவருக்குக் கட்டில் ஸ்டோர் ரூம் சுவரை ஒட்டித்தான்.

தெரிந்த எலெக்ட்ரீசியனுக்குப் போன் போட்டேன். காணிப்பாக்கத்தில் ஒரு சத்திரத்தில் வேலையாக இருக்கிறேன், மூன்று மணி ஆகும் என்றார். மணி பதினொன்று. இனி அந்த மெயினைப் போட முடியாது. சிலிண்டரில் அரை மணி நேரம் இருந்தால் அதிகம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாமா, ஆட்டோவில் தாங்குவாரா என்று யோசித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க லைனு நல்லாத்தான கீது?" என்றார் அக்கா.

"ஆமாக்கா. அது தனி மீட்டரு."

"அப்பொ இங்க இட்டுக்கினு வா. இன்னாத்துக்கு உக்காந்துனு கீற?"

பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு அக்காவே எனக்கு முன்னால் சந்தில் நடந்தார். நான்கு வருடத்துக்குப் பிறகு எங்கள் வாசலில் அவர் செருப்பு. மாமியார் அவரைப் பார்த்தார். என்னைத்தான் கேட்டார்.

"எங்க தூக்கினு போறீங்க?"

"முன் வூட்டுக்கு, அத்தே."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "தலைய வாரி வுடு" என்றார்.

சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டிருக்க, நான் சீப்பைத் தேடி எடுத்து அவருக்குத் தலை வாரினேன். இருந்த முடியைச் சின்னக் கொண்டையாக அக்கா முடிந்துவிட்டார். நாற்காலியில் உட்காரவைத்து, சிலிண்டரை மடியில் கொடுத்தோம். கைக்குழந்தையைப் போல் அதை அணைத்துக்கொண்டார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அக்கா. சந்தில் இரண்டு முறை இறக்கிவைத்தோம். அப்புறம் நான் மட்டும் ஓடி மிஷினை உருட்டிக்கொண்டு வந்து, முன்வீட்டுப் பிளக்கில் மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. கூ என்று ஒரு சத்தம் இல்லை.

மாமியாருக்குத் தெரு தெரிந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று விசாரித்தார்கள். அக்கா ரசம் சாதத்தைக் குழைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து, "இன்னும் கொஞ்சம் துன்றியா அத்தே?" என்று கேட்க, கேட்க, அவர் தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டார். என்னிடம் நாலு கவளத்துக்கு மேல் அவர் சாப்பிட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

எலெக்ட்ரீசியன் மூன்றரைக்கு வந்தார். ஒட்டைத் தொட்டதுமே அது கையோடு வந்துவிட்டது. அலுமினியம் வெள்ளைப் பொடியாகியிருந்தது. "எட்டு வருஷம் தாங்குனதே பெருசு" என்றார். பழைய துண்டை எடுத்தெறிந்துவிட்டு மீட்டரிலிருந்து எங்கள் போர்டு வரை ஒரே செம்பு வயராக இழுத்தார். நான் மறுபடியும் ராடைப் போட்டுப் பார்த்தேன். இருநூற்று இருபத்தைந்து. நான்கரை ஆம்பியர். வாளித் தண்ணீர் கையே வைக்க முடியாதபடி சீக்கிரத்தில் கொதித்தது.

மாமியாரைக் கூட்டிவர ஆறு மணிக்குப் போனேன்.

"கரண்டு சரியாய்ட்ச்சி அத்தே. போலாமா?"

"நான் இங்கயே கீறேன். தெரு தெரியுது" என்றார். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர், "இருக்கட்டும், ரெண்டு நாளு" என்றார்.

என் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். இரண்டு வருடம் மலமும் சளியும் துடைத்தவள் நான். எங்கே கோளாறு என்று கண்டுபிடித்தவளும் நான். ஒரு கிண்ணம் ரசம் சாதத்தில் அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். அப்படி நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன். மிஷின் இல்லாத வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் மறந்துபோயிருந்தேன். நினைப்பதை நிறுத்திவிட்டு, புடவைகூட மாற்றாமல் அவருடைய கட்டிலிலேயே படுத்தேன்.

கணவரிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். ஆறு ஓம், தொண்ணூற்றாறு வாட் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அண்ணி எப்பிடி ஒத்துக்கினாங்க?" என்றார். அவருக்கு அதுதான் ஆச்சரியம்.

இரண்டு நாள் என்றது ஏழு மாதமாயிற்று. பகலில் வரும் அம்மாள் முன்வீட்டுக்குப் போனார். மாலையில் பஸ் இறங்கி நேரே நானும் அங்கேதான் போவேன். குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் என் வேலை, மற்றதெல்லாம் அக்காவின் வேலை என்று, யாரும் பேசி முடிவு செய்யாமலே அமைந்துவிட்டது. அக்காவுக்குக் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழ ஆரம்பித்தது. ஒருநாள் நான் மாமியாரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா, "நீ ரெண்டு வருஷம் ஒண்டியா எப்டிம்மா பாத்த?" என்று கேட்டார். துணியைப் பிழிகிற சாக்கில் குளியலறைக்குப் போய்விட்டேன்.

மாமியார் ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்குப் போனார். வோல்டேஜ் சரியாக இருந்தது, மிஷின் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. நான் திருப்பதியில் இரண்டாவது செக்‌ஷனில் இருந்தேன். அக்கா போனில், "வந்துடு. பதறாத. மெதுவா வா" என்றார். நான் வந்து சேரும்வரை யாரையும் எடுக்க விடவில்லையாம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மிஷினைத் திருப்பிக் கொடுக்க நானும் அக்காவும் திருப்பதிக்குப் போனோம். வாடகைக் கடை திருச்சானூர் ரோட்டில். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் மிஷினை எங்கள் இருவர் காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டோம். கடைக்காரர் அதைப் பிளக்கில் மாட்டி, இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று திரையில் பார்த்தார். இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம். ரசீதில் அந்த எண்ணை எழுதிக் கொடுத்தார். முந்நூற்று ஐம்பது வாட்டால் பெருக்கினால் எத்தனை யூனிட் என்று வந்துவிடும். நான் பெருக்கவில்லை.

வெளியே வந்ததும் அக்கா ஒரு கடையில் இரண்டு மோர் வாங்கினார். நின்றபடியே குடித்தோம். "கோயிலுக்குப் போய்ட்டு போலாமா?" என்று கேட்டேன். "ஒரு வருஷம் தீட்டு கீதே" என்றார். அதையும் நான் மறந்திருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஏதாவது பேசலாம் என்றுதான் நினைத்தேன். சந்திரகிரி தாண்டுவதற்குள் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நானும் தூங்கிவிட்டேன். சித்தூரில் எல்லாரும் இறங்கிப்போன பிறகு, "அம்மா, திகண்டி" என்று இறங்கச் சொல்லிக் கண்டக்டர் வந்து எங்களை எழுப்பினார்.